அக்காவின் வெளிர்பொன் வீடு

அக்காவின் காதுபட அந்த நிறத்தை யாரும் 'பிஸ்கட் கலர்' என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் பேசியே கொன்றுவிடுவாள்.

"பிஸ்கட்ல சிவப்பு இருக்குடா. அடுப்புல சுட்ட சிவப்பு. இது அது இல்ல."

"அப்ப கிரீம் கலர்."

"கிரீம்ல பால் இருக்கு."

"மஞ்சள்னு வெச்சுக்கலாமா?"

"உன் தலை."

வெளிர்பொன் என்பாள் அவள். பொன்னிலிருந்து மினுக்கை வழித்தெடுத்துவிட்டு, துளி சாம்பலும் நிறைய வெளிச்சமும் சேர்த்தால் வருவது. திரைச்சீலையைத் தாண்டி வந்து தரையில் விழும் காலை வெயில், சூடேறுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒரு நிறத்தில் இருக்குமே, அது. இதைச் சொல்லும்போது அவள் கை காற்றில் எதையோ தடவிக்கொண்டிருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். துணிக்கடையில் எந்தத் துணியையும் கடை விளக்கில் நம்ப மாட்டாள். எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள், பகல் வெளிச்சத்தில் பார்க்க. தூக்கிக்கொண்டு ஓடிவிடப் போகிறாள் என்று கடைக்காரர் பின்னாலேயே வருவார். அம்மா எங்களைத் தெரியாதவள் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இப்போது அதுவே அவள் பிழைப்பு. வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம். டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே கல் அறுக்கும் சத்தம் கேட்டால் மேலே எல்லோரும் பேச்சை நிறுத்திக்கொண்டு, நின்றதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். முதலாளி ஒரு அம்மாள். எல்லோருக்கும் மேடம். எதிரே பெயிண்ட் கடை. அக்கா தெருவைத் தாண்டுவதைப் பார்த்ததுமே கடைக்காரர் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்.

"வந்துட்டாங்கப்பா. அந்த டின்னையே எடுத்து வை. வேற என்ன கேக்கப் போறாங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. வெயிலே எட்டிப் பார்க்காத அறை என்றால் அக்கா அதற்கு வெளிர்பொன்தான் சொல்வாள். "வெள்ளை அடிச்சா அந்த ரூம் ஆஸ்பத்திரி ஆயிடும். மஞ்சள் அடிச்சா கத்தும். இது ஒண்ணுதான் அழகாப் பொய் சொல்லும். வெயில் இப்பத்தான் போச்சு, இதோ திரும்ப வந்துடும்னு." பளபளப்பு மட்டும் ஆகாது, பளபளத்தால் நகைக்கடை என்பாள். வெள்ளை டியூப்லைட் ஆகவே ஆகாது, அதன் கீழே இந்த நிறம் காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளிறிப்போகும். பல்பு மஞ்சளாக இருக்க வேண்டும், சுவர் மங்கலாக இருக்க வேண்டும், பக்கத்தில் எதுவும் முறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னது அவளுக்கு வேதம். வேலை முடிந்ததும் அறையின் மூலையில் போய் நின்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். இடுக்கிப் பார்த்தால் பொருள்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். எது துருத்திக்கொண்டு தெரிகிறதோ அதைக் கரைத்துவிடுவாள். "கண்ணு எங்கயும் தடுக்கக் கூடாது" என்பாள். "வழுக்கிட்டே போகணும்."

அந்த வேதத்தை முழுசாக அனுசரித்துச் செய்த வீடு ஒன்றுதான். அவள் புகுந்த வீடு. வாடிக்கையாளர் வீடுகளில் யாராவது ஒருவர் குறுக்கே விழுந்து, "எங்க ரூம்ல மட்டும் ரோஸ் கலர்" என்பார்கள். இங்கே குறுக்கே விழ ஆளில்லை. அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, யார் என்ன சொன்னாலும் சரிதான். மாமியார் முன்பே போய்விட்டார். மீதி இருந்தவர் மாமனார். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தெருவே அவரை டிரைவர் மாமா என்றுதான் கூப்பிடும், நானும்.

"நீ ஓட்டும்மா," என்றார் அவர். "நான் ஏறி உக்காந்துக்கறேன்."

அக்கா ஓட்டினாள். சுவர் வெளிர்பொன். கதவு வெளிர்பொன், நிலை வெளிர்பொன், ஸ்விட்ச் பலகைகூட அதே நிறத்தில் தேடிப் பிடித்தாள். சோபா துணி, சாப்பாட்டு மேஜை, தரை ஓரப் பட்டை, எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று அரை மூச்சு வித்தியாசம். முடித்த அன்று நான் போனேன். வாசலில் நின்று, வெளிச்சத்துக்கு உள்ளே காலை வைப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினேன். அந்த வீட்டில் குரலைத் தாழ்த்தத் தோன்றியது.

மேடம் வந்து பார்த்துவிட்டு அக்காவின் முதுகில் தட்டினார். அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் புது வாடிக்கையாளர்களை அங்கேயே கூட்டிவர ஆரம்பித்தார், மாதிரி வீடாக. டிரைவர் மாமாவுக்கு அதில் ஏகக் கொண்டாட்டம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க, பின்னாடி இடம் இருக்கு!" வந்தவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள். "எல்லாம் என் மருமக கைவேலை" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வார். அக்கா சமையலறைக்குள் போய் ஒளிந்துகொள்வாள்.

எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. டீ கப்புக்குப் பக்கத்தில் மேஜை மேல் டீ ஊற்றினார் ஒரு நாள். கை நடுக்கம் என்று நினைத்தோம். பிறகு ஒரு நாள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா?"

"பெயிண்ட் நல்லா ஒட்டியிருக்கான்னு பாக்கறேம்மா."

அவர் தேடியது கதவை. அன்றைக்கு அது யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் விளக்குப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், கரெண்ட் மிச்சம் என்பார். அத்தானும் அக்காவும் படுக்கும் அறைக்குள் போய் நின்றுகொண்டு, "என் கட்டிலை ஏண்டா திருப்பிப் போட்டீங்க?" என்று சண்டைக்கு வந்தார்.

இதையெல்லாம் ஒரே நாளில் பார்த்தவள் அக்காவின் நாத்தனார். அத்தானுக்கு மூத்தவள். வங்கியில் வேலை, ஒன்பதாவது மாடியில் ஃப்ளாட், எதையும் இழுத்துப் போட்டுச் செய்கிற குணம். அவள் அன்பு காட்டினால் தப்பிப்பது கஷ்டம். அன்றைக்கு வந்தவள், "அப்பா, மேஜை மேல என் கண்ணாடிக்கூடு இருக்கு, எடுத்துட்டு வாங்களேன்" என்றாள். அவர் போனார். மேஜையைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"அங்க ஒண்ணும் இல்லம்மா."

கூடு மேஜையின் நடுவில் இருந்தது. அதுவும் அந்த நிறம்தான். அக்கா அவளுக்குப் பரிசாகக் கொடுத்தது.

நாத்தனார் அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். மெதுவாகப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு.

"அப்பாவுக்கு மூளை மங்குது. என் ஆபீஸ்ல ஒருத்தரோட அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. சொந்த வீட்டுல ரூம் தெரியல, எதிர்ல இருக்கற பொருள் தெரியல. பகல்ல நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறீங்க. தனியா இருந்து கேஸைத் திறந்து விட்டுட்டாருன்னா?"

"அண்ணி, அவ்வளவெல்லாம்..."

"நீ சும்மா இரு. என் வீட்டுல பகல் பூரா ஆள் இருக்கு. வெளிய போகாம கதவைப் பூட்டி வெச்சுக்கலாம். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."

நாத்தனார் அத்தானைக் கேட்டாள். "அக்கா சொல்றதும் சரிதான்" என்றார், நாத்தனாரைக் காட்டி. அக்கா முறைத்தாள். "இவ சொல்றதும் சரிதான்" என்றார்.

டிரைவர் மாமா கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் இருந்தேன். அவருக்கு அந்த ஊரில் இருந்த சொத்து ஒன்றுதான். காலையில் பஸ் டிப்போ வாசலில் உள்ள டீக்கடை. ஓய்வுபெற்ற டிரைவர்களும் கண்டக்டர்களும் அங்கே கூடி, இப்போது ஓட்டுகிறவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்பதை தினமும் புதிதாகக் கண்டுபிடிப்பார்கள். ஒன்பதாவது மாடியிலிருந்து அந்தக் கடைக்கு வழி கிடையாது. அவருடைய முழங்காலில் இருந்த கை மட்டும் கியர் மாற்றுவதுபோல ஒருமுறை அசைந்தது.

அந்த வாரம் அக்கா லீவு போட்டுவிட்டு அவரோடு இருந்தாள். கடைசி நாட்களாவது நன்றாகச் சமைத்துப் போடலாம் என்று. இதை அவளே பிறகு சொன்னாள். சமையலறைக்கு அவள் கை போகவில்லை, பழைய கறுப்புக் கல் மேடையே கிடந்தது. மாமா அங்கே வந்து, வெள்ளைக் கப்பைக் கறுப்புக் கல்லில் வைத்து, தனக்கே டீ ஊற்றிக்கொண்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. விளிம்பு வரை வந்து கச்சிதமாக நின்றது. அதே கப்பைக் கூடத்துக்குக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். மேஜையின் ஓரத்துக்கு வெளியே.

கப் உடைந்தது. அவர் குனிந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார், ஒன்றும் நடக்காதவர்போல.

"விடுங்க மாமா, கையில குத்தும்," என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். மூளை மங்குகிறவருக்குச் சமையலறையில் மட்டும் எப்படி மங்காமல் இருக்கும்? குளியலறையிலும் அவர் எதையும் தவறவிட்டதில்லை. அங்கேயும் பழைய நீல டைல்ஸ்தான்.

உள்ளே போய் அவளுடைய கருநீலத் துப்பட்டாவை எடுத்து வந்து மேஜை மேல் விரித்தாள். இன்னொரு கப்பில் டீ ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். "வைங்க மாமா."

மேஜையின் நட்டநடுவில் வைத்தார்.

"மாமா, ஜன்னல் எங்க இருக்கு?"

"என்னம்மா கேள்வி இது. அதோ வெளிச்சம் வருதே."

"கதவு?"

கை எழுந்தது. பாதியில் நின்றது.

"ராத்திரி மழையில, ஒரு பக்கம் லைட் செத்துப்போன பஸ்ஸ மலையிலேர்ந்து இறக்கிக் கொண்டாந்தவன் நான். என்னப் போயி கதவு எங்கன்னு கேக்கற."

"எங்க மாமா?"

கையை இறக்கிக்கொண்டார். "நீதான் கதவையும் சுவரையும் ஒண்ணாக் கரைச்சு வெச்சுட்டியே. நான் என்னத்தக் கண்டேன்."

"ஏன் சொல்லல? மறதின்னு அண்ணி சொன்னப்பகூட வாயத் திறக்கலயே!"

"மறதின்னா பரவால்லம்மா. மறதி யாருக்கும் வரும். கண்ணு போச்சுன்னா அப்புறம் எவன் என்னை டிரைவர்னு கூப்பிடுவான்?" கப்பைச் சுற்றித் துப்பட்டாவை நீவிவிட்டார். "அதுவும் இல்லாம, வர்றவங்க எல்லாம் வாயப் பொளந்துட்டுப் பாக்கறாங்க. அந்த அம்மா உன் முதுகைத் தட்டிட்டுப் போறாங்க. நான் போயி, இந்தக் கலர் எனக்கு ஆகலன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அக்கா எழுந்து கூடத்தின் மூலைக்குப் போனாள். வழக்கம்போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். கதவு மறைந்தது. மேஜை மறைந்தது. ஸ்விட்ச், சோபா, நிலைப்படி எல்லாம் ஒன்றாகிவிட்டன. எதுவும் தடுக்கவில்லை. இத்தனை நாள் அவளுக்குப் பெருமையாக இருந்த காட்சி. அவருக்கோ இடுக்காத கண்ணுக்கே அப்படித்தான்.

மறுநாள் கண் டாக்டரிடம் போனார்கள். ஒரு கண்ணில் புரை, எடுத்துவிடலாம், கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இன்னொன்றில் உள்ளே நரம்பில் கோளாறு, அந்தப் பார்வை இனி ஏறாது, மேலும் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஞாபகத்தைப் பற்றி அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். டாக்டர் சிரித்தார். "உள்ள வந்ததுலேர்ந்து எந்தெந்த ரோட்டுல எங்கெங்க குழின்னு எனக்குச் சொல்லிட்டிருக்கார். அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகல."

நாத்தனாரிடம் அக்கா போனில் சொன்னாள். அவள் நம்பவில்லை. "கண்ணு தெரியலன்னா சொந்த ரூம் எதுன்னுமா தெரியாம போகும்? நீ பாவப்பட்டுப் பேசற. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

அன்றைக்கே அக்கா பெயிண்ட் கடைக்குப் போனாள். கடைக்காரர் வழக்கமான டின்னை எடுத்துக் கல்லாவில் வைத்தார்.

"இது இல்ல. நல்லா கரும்பழுப்பு."

அவர் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

நிலைகளுக்குப் பட்டை, கதவு விளிம்புக்குப் பட்டை, தரை ஓரம் முழுக்க, ஸ்விட்சைச் சுற்றி ஒரு கட்டம், மேஜை விளிம்பு. நானும் அத்தானும் காகித டேப் ஒட்டினோம், அக்கா பூசினாள். சோபாவுக்கு வேறு நிறத் துணி சொல்லியிருந்தது, இன்னும் வரவில்லை. பூசும்போது அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தானே எழுதியதைத் தானே அடிக்கிறவள் மாதிரி. நடுவில் மேடம் போன் செய்தார். சனிக்கிழமை ஒரு பெரிய குடும்பம் வருகிறது, வீடு தயாரா?

"மேடம், இங்க கூட்டிட்டு வர முடியாது. கதவெல்லாம் கரும்பழுப்புல கோடு போட்டுட்டேன்."

"என்னது! ஏம்மா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

அக்கா காரணத்தைச் சொன்னாள். "சரி, வேற வீடு பாக்கறேன்" என்று வைத்துவிட்டார் மேடம். அதற்கப்புறம் அங்கே யாரையும் கூட்டிவரவில்லை. இன்றுவரைக்கும் இல்லை.

டேப்பை உரித்தபோதுதான் ஒன்றைப் பார்த்தேன். பழுப்புக்குப் பக்கத்தில் அந்தச் சுவர் முன்னைவிடப் பொன்னாக இருந்தது. வெளிர்பொன் முதன்முதலாக ஒரு நிறமாகத் தெரிந்தது. அதுவரை அது வெறும் வெளிச்சமாக இருந்திருக்கிறது. அக்காவும் பார்த்தாள். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "தபால் கவர் மாதிரி இருக்கு" என்றாள்.

டிரைவர் மாமா கூடத்தின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பினார். "ரோட்டுக்குக் கோடு போட்டுட்ட!" என்றார். விறுவிறுவென்று நடந்து தன் அறைக்குள் போனார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். கதவைத் திறந்து திறந்து மூடினார். அத்தான், "அப்பா, கீல் கழண்டுடும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அக்காவைக் குளிர வைக்க வேண்டும் என்றோ என்னவோ, வெளிர்பொன் நிறத்தில் புது உடை. கோடுகளைப் பார்த்துவிட்டு, "என்ன இது, வீட்டுக்குக் கண்மை போட்டிருக்க?" என்றாள். நேராக அப்பாவின் அறைக்குப் போய் அவருடைய சட்டைகளையெல்லாம் அவளே பெட்டியில் அடுக்கினாள். பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்து வைத்துவிட்டு, வேர்க்கிறது என்று சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

டிரைவர் மாமா சமையலறையில் இருந்தார். "அவ சண்டைக்கு முன்னாடி டீ குடிக்கிற ஆளு," என்று அவரே போட்டார். கப்பை எடுத்துக்கொண்டு வந்தார். நிலையைத் தாண்டினார். மேஜைக்குப் போனார். வைத்தார். நாத்தனார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கப், மேஜை, அவர் கை. ஒன்றும் சிந்தவில்லை. அவர் வாசல் பக்கம் திரும்பி, "எங்க போயிட்டா இவ?" என்று முனகிக்கொண்டே பின்னால் நகர்ந்து, சோபாவைக் கையால் தொட்டுப் பார்த்து, நிதானமாக மகளின் மடியில் உட்கார்ந்தார்.

"அப்பா!"

"அய்யோ!" என்று குதித்து எழுந்தார். "சோபா கலர்ல துணிய மாட்டிட்டு சோபாவுல கெடந்தா எனக்கென்ன தெரியும்? ஆரன் அடிக்க வேணாம்?"

அத்தான் சிரித்த சிரிப்பில் மூக்கில் டீ ஏறிவிட்டது. நாத்தனார் சிரிக்கவில்லை. தன் உடையைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு கறுப்புச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு எதிரே போய் நின்றாள்.

"இப்பத் தெரியுதாப்பா?"

"தெரியுது. ரொம்ப இளைச்சிருக்க. வேளைக்குச் சாப்பிடறதில்லையா?"

"கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?" குரல் உடைந்தது அவளுக்கு. "பைத்தியக்காரி மாதிரி ஊர் பூரா எங்கப்பாவுக்கு ஞாபகம் போச்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"போனா போகட்டும் விடு. டிப்போல சொல்லலல்ல?"

அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குள் போனாள். அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

டிரைவர் மாமா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சட்டையெல்லாம் மேல் தட்டுல வை. கீழ வெச்சா எனக்குக் குனிய முடியாது."